கை மேலே போகிறதா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து விழுந்து தோளில் அடிபட்டு மூன்று வாரம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்து, எலும்பு முறியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் தலை வார முடியவில்லை, கொடியில் துணி போட முடியவில்லை. வயது 54. “வலிதான் குறைகிறதே, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா, மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டுமா?”

போக வேண்டும், இந்த வாரமே. காரணம் அவர் கடிதத்திலேயே இருக்கிறது. வலி குறைந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். கொடிக்குக் கை எட்டாததைப் போகிற போக்கில் சொல்கிறார். தோளைப் பொறுத்தவரை இந்த இரண்டில் இரண்டாவதுதான் பெரிய செய்தி. முழுதாக அறுந்த தசைநாரைவிடப் பாதி கிழிந்த தசைநார் அதிகம் வலிப்பது உண்டு. இரவெல்லாம் தூங்கவிடாத வெறும் ஊமைக்காயம் இரண்டு வாரத்தில் சுவடில்லாமல் ஆறுவதும் உண்டு. வலியை மட்டும் வைத்துத் தோளை எடைபோட்டால் தப்பான ஆள் டாக்டரிடம் ஓடுவார், ஓட வேண்டியவர் வீட்டிலேயே இருப்பார்.

தோள் பந்துகிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இடுப்புக்கு அந்தப் பெயர் சரி. தோளில் கிண்ணம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆழமே இல்லாத சின்னக் குழிதான் இருக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் அந்தக் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பரணிலிருந்து டப்பா எடுக்கவும், முதுகுப் பக்கம் கொக்கி மாட்டவும், பந்து வீசவும் முடிவது இந்த ஆழமின்மையால்தான். உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள்தான் என்பதற்கும் காரணம் அதுவே.

அப்படியானால் அந்த உருண்டை ஏன் ஒவ்வொரு அசைவிலும் வழுக்கி விழுவதில்லை? உடற்கூறில் என்னை இவ்வளவு மகிழ்விக்கும் கேள்வி வேறில்லை. கையை உயர்த்தும் பெரிய தசை டெல்டாய்டு. தோளின் மேல் திரண்டு தெரிவது அதுதான். கை பக்கத்தில் தொங்கும்போது அது இழுக்கும் திசை ஏறக்குறைய நேர் மேலே. தாளில் வரைந்து பாருங்கள். அந்தத் திசையில் இழுத்தால் கை பக்கவாட்டில் உயராது. எலும்பின் தலை குழியைவிட்டு மேலே சறுக்கி, மூட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியன் எலும்பில் போய் முட்டும். கணக்குப்படி, உடம்பின் வலுவான தசைகளில் ஒன்றால் ஒரு கரண்டியைக்கூட வாய்க்குமேல் தூக்க முடியாது.

நீளமான மூங்கில் ஏணியை நிமிர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருவார். இன்னொருவர் ஏணியின் அடியை மிதித்துக்கொண்டு நிற்பார். வேலை செய்வதாகக் கண்ணுக்குத் தெரிவது முதல் ஆள்தான். ஆனால் மிதித்திருப்பவர் காலை எடுத்துவிட்டால் ஏணி எழும்பாது. தள்ளத் தள்ள அடி வழுக்கிக்கொண்டே போகும். முதல் ஆள் எவ்வளவு பலசாலியோ அவ்வளவு வேகமாக வழுக்கும். டெல்டாய்டு நுனியைத் தூக்குபவர். அடியை மிதித்திருப்பவர்கள் நான்கு சிறிய தசைகள்: மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். நான்கின் தசைநார்களும் எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். கை எழும்பத் தொடங்கும்போதே இவை தலையைக் குழிக்குள் அழுத்திவிடுகின்றன. குழி ஆழமில்லாவிட்டால் என்ன, அழுத்தம் இருக்கிறதே. வழுக்க வேண்டிய உருண்டை அங்கேயே நின்று சுழல்கிறது. டெல்டாய்டின் இழுப்பு முழுவதும் தூக்குதலாக மாறுகிறது. சோற்றை வாயருகே கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் இந்த ஐந்து பேரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

ஏணியை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே போகலாம், அது தாங்கும். மிதித்திருக்கும் நால்வரில் மேலே நிற்பவர்தான் அதிகம் அடிபடுபவர். கிழிவது பெரும்பாலும் சுப்ராஸ்பைனேட்டஸ். அவர் ஒருவர் மட்டும் விலகினால் மற்ற மூவரும் சமாளித்துவிடலாம், ஏணி எழுந்துவிடும். முன்னால் இருப்பவரோ பின்னால் இருப்பவரோ கூடச் சேர்ந்து விலகினால் எழாது. அப்போது கையைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டை மட்டும் காதை நோக்கி ஏறும், கை அப்படியே நிற்கும். இது கஃப் கிழிந்த தோள். இனி, ஏணியின் அடியை யாரோ சிமென்ட் போட்டுப் பூசிவிட்டார்கள் என்று வையுங்கள். மிதிக்க ஆள் இருந்தும் பயனில்லை, ஊரே கூடித் தூக்கினாலும் அது நிமிராது. மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிப்போன ஃப்ரோசன் ஷோல்டர் இதுதான். அடி நின்ற இடத்தைவிட்டே கழன்று விழுந்துவிட்டால் அது மூட்டு விலகல். நம் ஊரில் தோள் இறங்கிவிட்டது என்பார்கள். நாலாவதாக ஒன்றும் உண்டு. அடியெல்லாம் சரி, நுனியைப் பிடித்தவருக்கே கை செத்துவிட்டது. டெல்டாய்டை இயக்கும் ஆக்ஸிலரி நரம்பு அடிபட்டால் இப்படி ஆகும். தோள் இறங்கியவர்களுக்கு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்கையின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பது ஒரு அடையாளம்.

இவ்வளவு தூரம் இழுத்துவந்ததற்குக் காரணம், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இதற்குள் இருக்கிறது. தோளின் உருவம் மாறவில்லை, எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு, முதல் சில நாள் வீக்கம் தணிந்ததும் செய்யலாம். முதலில் அடிபட்ட கையைத் தானாகத் தூக்கிப் பாருங்கள். பிறகு அதைத் தளர விட்டு, மற்றக் கையாலோ வீட்டில் ஒருவரை விட்டோ மெதுவாக உயர்த்திப் பாருங்கள். தானாக எழாத கை பிறர் தூக்கினால் எழுகிறது என்றால் மூட்டு வழிவிடுகிறது. தசைநாரோ நரம்போதான் வேலை செய்யவில்லை. எலும்பு மருத்துவரை அந்த வாரமே பார்க்க வேண்டும். யார் தூக்கினாலும் எழவில்லை, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை என்றால், மூட்டு இறுகியிருக்கலாம். வலித்தாலும் இரண்டு விதமாகவும் முழுதாக எழுகிறது, நாளுக்கு நாள் தேறுகிறது என்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். வலியே கையைத் தூக்கவிடாமல் செய்து குழப்புவதும் உண்டு. அதற்கு மருத்துவர்கள் சில வேளை மரப்பு மருந்தை ஊசியில் செலுத்திவிட்டுக் கையைத் தூக்கச் சொல்வார்கள். வலி போனபின் எழுந்தால் ஒரு விடை, அப்போதும் எழாவிட்டால் வேறு விடை. இவ்வளவு எளிய, இவ்வளவு அழகான சோதனையைப் பார்த்தால் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

அந்த வாரமே என்று அவசரப்படுத்துவது ஏன்? விழுந்ததால் முழுதாக அறுந்த தசைநார், அதை இழுக்கும் தசையோடு உள்நோக்கிச் சுருங்குகிறது. வேலையில்லாத தசை மெலிகிறது. மாதங்கள் போகப் போகத் தசை இருந்த இடத்தில் கொழுப்பு படிகிறது. பிறகு தைத்தாலும் அந்தக் கொழுப்பு மறுபடி தசையாவதில்லை. வாரக்கணக்கில் வந்தால் எளிதாகத் தைக்கக்கூடியது, ஒரு வருடம் கழித்து வந்தால் இழுத்தாலும் எட்டாமல் போகலாம். எக்ஸ்ரேயில் இதெல்லாம் தெரியாது. “எலும்பு முறியவில்லை” என்பது எலும்பைப் பற்றிய தகவல் மட்டுமே. 40 வயதுக்கு மேல் தோள் ஒருமுறை இறங்கி, இடத்தில் போட்ட பிறகும் கை எழவில்லை என்றால் கஃப் கிழிந்திருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். இளைஞர்களுக்குச் சிக்கல் வேறு: குழியின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு கிழிந்து, தோள் திரும்பத் திரும்ப இறங்கும். 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பாய்ந்து பந்தைத் தடுத்த கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் ஐயருக்கு இடது தோள் விலகி, அடுத்த மாதமே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

வரலாறு சுருக்கமாக. ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே அக்குளில் குதிகாலை ஊன்றித் தோளை இடத்தில் போட்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் கோக்கர் 1870-ல் தன் முறையை எழுதினார். கஃப் கிழிவதைத் தைத்துக் காட்டி 1911-ல் கட்டுரை எழுதியவர் பாஸ்டனின் கோட்மேன். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரும் அவருடைய 1934 புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது மறுபக்கம். டாக்டரிடம் போங்கள் என்பதற்கும், போனதும் சொல்வதையெல்லாம் செய்துகொள்ளுங்கள் என்பதற்கும் வித்தியாசம் நிறைய. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் “கிழிசல்” என்ற சொல்லைப் பார்த்ததும் ரத்தம் உறைந்துபோகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதத்தினருக்குக் கஃப் பகுதியாகவோ முழுதாகவோ கிழிந்திருந்தது. அவர்கள் அதே தோளோடு சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வயதால் தேய்ந்து கிழிவதும் விழுந்து அறுவதும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். விழுவதற்கு முந்தைய நாள் கை எழுந்ததா என்று கேட்டால்தான் வித்தியாசம் புரியும். விழாமல், வயதால் முழுதாகக் கிழிந்தவர்களுக்கு அமெரிக்காவில் முறையான பிசியோதெரபி கொடுத்துப் பார்த்ததில், இரண்டு ஆண்டில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மிச்சம் மிதித்திருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அந்தச் சிகிச்சை.

எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சையின் கதையையும் சொல்ல வேண்டும். அக்ரோமியன் உரசுவதால்தான் தோள் வலிக்கிறது என்று 1972-ல் நீர் (Neer) என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அதன்பின் உலகெங்கும் லட்சக்கணக்கான தோள்களில் அந்த எலும்பைச் சீவினார்கள். பிரிட்டனில் 313 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எலும்பைச் சீவி, ஒரு குழுவுக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தி, ஒரு குழுவுக்கு எதுவும் செய்யாமல் ஒப்பிட்டார்கள். 2018-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சீவிக்கொண்டவர்களுக்கும் சீவியதாக நினைத்துக்கொண்டவர்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. எதுவும் செய்யாதவர்களைவிட இரு குழுவும் கொஞ்சம் மேல். அதுவும் நோயாளி உணரும்படியான அளவுக்கு இல்லை. நம் நகரங்களில் விளம்பரப் பலகைகளில் காணும் பிளாஸ்மா ஊசி, ஸ்டெம் செல் ஊசி எல்லாவற்றிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: போட்டதாக நினைத்தவரோடு ஒப்பிட்டீர்களா?

சுளுக்கு என்று நீவி விடுகிற பழக்கத்துக்கும் வருவோம். புத்தூர்க் கட்டை நம்பித் தலைமுறைகளாக மக்கள் போகிறார்கள். நம்பிக்கைக்குப் பின்னால் எத்தனையோ குணமான கைகால்கள் இருக்கும். ஆனாலும் இறங்கிய தோளை எக்ஸ்ரே இல்லாமல் இழுப்பது ஆபத்து. உருண்டைத் தலையின் ஓரத்தில் முறிவு இருந்தால் விரல்களுக்கு அது தெரியாது; இழுக்கிற இழுப்பில் முறிந்த துண்டு நகரலாம், அக்குளில் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கலாம். தோளின் திரட்சி போய்ச் சதுரமாகத் தெரிந்தால், கை மரத்தால், விரல்கள் வெளிறிக் குளிர்ந்தால், மடித்த கையைத் துணியில் தொட்டில் கட்டி அப்படியே மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. மின்சாரம் தாக்கிய பிறகோ வலிப்பு வந்த பிறகோ தோள் வலித்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தோள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முன்பக்கமாகத்தான் விலகும். இந்த இரண்டிலும் பின்பக்கம் விலகலாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் அது எளிதில் தப்பிவிடும், கையும் வெளிப்பக்கம் திரும்பாது. சர்க்கரை நோயாளிக்கு ஃப்ரோசன் ஷோல்டர் சாதாரணமாக வருவதால், அதுதான் இது என்று மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. பக்கவாட்டிலும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தோளில் வலிக்கிறது, தோளில் ஒன்றுமில்லை என்ற நிலையும் உண்டு. வண்டியிலிருந்து விழுந்து இடது விலாவோ வயிறோ அடிபட்டவருக்கு, தோளை அசைக்காதபோதும் இடது தோள் நுனி வலித்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள் நுனித் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், வயிற்றில் தேங்கிய ரத்தம் உறுத்துவதை மூளை தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோள் வலித்தால் இதயம். இந்த இரண்டிலும் கையைத் தூக்கிப் பார்த்து நேரம் கழிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.