எண்ணெய்க் கிணற்றுக் கணக்கில் ஒரு காதல் பாட்டு

இரைச்சலுக்கு நடுவே பிறந்த கலை ராப். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஸ்பீக்கரின் முழக்கத்தையும் ஆட்டக்காரர்களின் கூச்சலையும் தாண்டிக் கடைசி ஆள்வரை எட்டவேண்டிய குரல் அது. அதனால் சொற்களை அழுத்தி, தாளத்தின் மேல் ஆணி அறைவதுபோல் இறக்கப் பழகினார்கள். பெருமை பேசவும் எதிராளியைச் சீண்டவும் அந்தக் குரல் தோதானது. ஒருத்தியின் காதருகே போய் "உன்னைப் பிரிந்து தூக்கம் வரவில்லை" என்று சொல்ல அது உதவாது.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் தீர்த்தவர் எல்எல் கூல் ஜே. 1987-இல், 19 வயதில், அவர் வெளியிட்ட 'ஐ நீட் லவ்' மெதுவான கீபோர்டு இசையின் மேல் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகப் பேசிய பாட்டு. அமெரிக்கக் கறுப்பின இசைக்கான பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கு மைக்கும் துணை நின்றது. ஸ்டுடியோக்களில் பரவலாகப் புழங்கும் மைக் வகைக்கு ஓர் இயல்பு உண்டு. வாயை அதன் அருகே கொண்டுபோகப் போக, குரலின் கீழ் அதிர்வுகள் மட்டும் தடித்துக்கொண்டே வரும். அந்த மைக், தகட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. ஒலி மூலம் மிக நெருக்கமாக இருக்கும்போது, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அந்தச் சிறு தொலைவே பெரிய வேறுபாடாகிவிடும். அதன் பலன் கீழ் அதிர்வுகளில்தான் அதிகம் தெரியும். ஆளின் மூச்சு நம் கழுத்தில் படுவதுபோல் கேட்பவருக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆனாலும் அது பேச்சுதான். பேச்சால் காதலைச் சொல்லலாம். காதல் முறிந்துபோனதைச் சொல்ல வரும்போது மனம் ராகத்தைத்தான் தேடுகிறது. பாடத் தெரியாத ராப்பர் அப்போது என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு 2008-இல் கன்யே வெஸ்ட் தந்த விடை, அதற்குப் பின் வந்த பாப் இசையின் குரலையே மாற்றியது.

(பிற்காலத்தில் யூதர்களுக்கு எதிராக அவர் பேசிய வெறுப்புப் பேச்சுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதற்கு வெகுமுன்னால் செய்த இந்த வேலையை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.)

2007 நவம்பரில் அவருடைய தாய் டாண்டா வெஸ்ட், ஓர் அறுவை சிகிச்சைக்கு மறுநாள் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, திருமணம் நிச்சயமாகியிருந்த பெண்ணுடனான உறவும் முறிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஹவாயின் ஹானலூலுவிலும் கலிஃபோர்னியாவின் பர்பாங்கிலும் உள்ள ஸ்டுடியோக்களில், சுமார் மூன்றே வாரத்தில், ஓர் ஆல்பத்தை முடித்தார். பெயர் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்'. முதல் பாதி ஒரு ட்ரம் மெஷினின் எண். மறுபாதி உடைந்த நெஞ்சு. ஹவாயின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணும் 808-தான்.

அவர் பாட்டு எழுதும் விதத்தில் பேனாவுக்குப் பெரிய வேலை இல்லை. பீட்டை ஓடவிட்டு, பொருளில்லாத முனகலாக முதலில் மெட்டைப் பாடிப் பதிவுசெய்வார். அந்த முனகலின் உயிரெழுத்துகளையும் நீட்டல் குறுக்கல்களையும் பிடித்துக்கொண்டு, பிறகு சொற்கள் வந்து உட்காரும். நம் சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்ல, கவிஞர் அதற்குச் சொல் பொருத்துவாரே, அதே முறைதான். இங்கே இருவரும் ஒரே ஆள். சில நேரம் வேறு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். க்ளீவ்லாந்திலிருந்து வந்த இளைஞர் கிட் கடி இந்த ஆல்பத்தின் பாடல்களில் உடன் எழுதினார். பழைய ஆசான் நோ ஐ.டி. 'ஹார்ட்லெஸ்' பாட்டின் தயாரிப்பில் கைகொடுத்தார். முதலில் வந்த 'லவ் லாக்டவுன்' பாட்டைக் கேட்ட ரசிகர்கள் குரல் சரியில்லை என்று முகம் சுளித்தபோது, கன்யே கோபித்துக்கொள்ளாமல் மறுபடி பாடிப் பதிவுசெய்தார். காதல் பாட்டில் சொல்லைவிடக் குரலின் நிறம் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நிறத்தைத் தந்த கருவி ஆட்டோட்யூன். அது வந்த வழி இன்னும் அதிசயமானது.

ஆண்டி ஹில்டபிராண்ட் என்ற பொறியாளர் எக்ஸான் நிறுவனத்தில் எண்ணெய் தேடும் வேலையில் இருந்தவர். பூமிக்குள் ஓர் அதிர்வை அனுப்பினால், ஒவ்வொரு பாறை அடுக்கிலும் அது பட்டுத் திரும்பும். திரும்பிவந்த குழப்பமான அலையிலிருந்து எந்த அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். புல்லாங்குழல் வாசிப்பவரான அவர், அதில் கைதேர்ந்த பிறகு ரைஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். ஒரு விருந்தில், உடனிருந்த பெண்மணி ஒருவர், தான் சுருதி சேர்ந்து பாட ஒரு பெட்டி செய்து தரக்கூடாதா என்று விளையாட்டாகக் கேட்டாராம். பாறையைக் கேட்ட கணக்கால் தொண்டையையும் கேட்கமுடியும் என்று அவருக்குப் பின்னர் தோன்றியது. 1997-இல் அவருடைய அன்டாரஸ் நிறுவனம் ஆட்டோட்யூனை வெளியிட்டது.

கணக்கு இதுதான். ஓர் ஆண் தாழ்ந்த குரலில் 'ஆ' என்று இழுத்தால் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 110 முறை திறந்து மூடும். கணினிப் பதிவில் ஒரு விநாடி ஒலி 44,100 எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஆக, சுமார் 401 எண்களுக்கு ஒருமுறை அலையின் வடிவம் திரும்பி வரும். புடவைக் கரையில் மாங்காய் வடிவம் திரும்பத் திரும்ப வருமல்லவா? அந்தக் கரையின் இன்னொரு நகலை அதன் மேலேயே வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் மாங்காயின் மேல் மாங்காய் அப்படியே பொருந்தும். எவ்வளவு தூரம் நகர்த்தினோமோ அதுதான் இரண்டு மாங்காய்களுக்கு இடையிலான இடைவெளி. அலையையும் இப்படித் தன்னோடு தானே ஒப்பிட்டுப் பார்த்தால் சுருதி கிடைத்துவிடும்.

முறை பழையது. தடை அதன் வேகத்தில் இருந்தது. நூற்றுக்கணக்கான நகர்வுகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பெருக்கல்கள்; அதையும் பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டும். 1990-களின் கணினிக்கு இது ஆகாத காரியம். ஒவ்வொரு முறையும் கூட்டலை அடியிலிருந்து போடவேண்டாம் என்பதுதான் ஹில்டபிராண்ட் கண்ட வழி. புதிதாக வந்த எண்ணின் பங்கைச் சேர்த்து, பழையதன் பங்கைக் கழித்தால் போதும். பெருமலையாக இருந்த வேலை நான்கைந்து கணக்குகளாகச் சுருங்கியது. சுருதி தெரிந்ததும், மென்பொருள் அருகிலுள்ள சரியான சுரத்துக்கு அலையை இழுத்தோ சுருக்கியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எவ்வளவு விரைவாகக் கொண்டுபோகவேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. மெல்ல என்று வைத்தால் திருத்தம் நடந்ததே தெரியாது. மனிதத் தொண்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை, சறுக்கிக்கொண்டு போகும். கர்நாடக சங்கீதத்தில் கமகம் பிறப்பதே அந்தச் சறுக்கலில்தான். திருகைப் பூஜ்யத்தில் வைத்தால் சறுக்கல் முழுதும் அழிந்து, குரல் படிக்கட்டில் குதிப்பதுபோல் சுரத்துக்குச் சுரம் தாவும். 1998-இல் ஷேர் பாடிய 'பிலீவ்' அந்த ஒலியை உலகுக்குக் காட்டியது. தயாரிப்பாளர்கள் முதலில் இது வேறொரு கருவி என்று சொல்லி ரகசியத்தைக் காத்தார்கள்.

ஹிப்-ஹாப்பின் பக்கம் அதைக் கொண்டுவந்தவர் ஃப்ளாரிடாவின் டாலஹாசியைச் சேர்ந்த டி-பெயின். 2005-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தலைப்பே, ராப்பர் பாடகராக மாறிய கதையைச் சொல்வது. காதலும் இயந்திரமும் கறுப்பின இசையில் அதற்கு முன்பே பழகியவைதான். 1985-இல் ஸாப் குழுவின் ரோஜர் ட்ரவுட்மன், வாயில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு சிந்தசைசரின் ஒலியையே சொற்களாக மாற்றி, 'கம்ப்யூட்டர் லவ்' பாடியிருந்தார். டி-பெயின் ஆட்டோட்யூனை ஒரு வாத்தியமாக வாசிக்கக் கற்றுக்கொண்டார். குரலை இரண்டு சுரங்களுக்கு நடுவே வேண்டுமென்றே நிறுத்தினால், மென்பொருள் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறி இரண்டுக்கும் மாறிமாறித் தாவும். அந்தத் தடுமாற்றத்தை விம்மலாக மாற்றுவது அவர் கைவண்ணம். பாடத் தெரியாதவனின் ஊன்றுகோல் என்று அவரை ஏளனம் செய்தவர்கள் பலர். 2014-இல் வாஷிங்டனின் என்பிஆர் வானொலி அலுவலகத்தில், ஒரே ஒரு கீபோர்டின் துணையுடன் ஆட்டோட்யூன் இல்லாமல் அவர் பாடினார். அத்தனை அழகான குரல் அது. ஏளனம் செய்தவர்கள் அதை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

கன்யேவின் நிலை இதற்கு நேர்மாறு. அவருக்கு உண்மையாகவே ஊன்றுகோல் வேண்டியிருந்தது. டி-பெயின் பதிவு நடந்த இடத்துக்கே வந்து யோசனை சொன்னார். அப்படியானால் அந்தப் பாடல்கள் செயற்கையாக அல்லவா ஒலிக்கவேண்டும்? கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. ஏன் என்பதற்கு என்னிடம் உள்ள விளக்கம் இது. ஆட்டோட்யூன் திருத்துவது சுருதியை மட்டும்தான். மூச்சின் கரகரப்பு, தொண்டை வறண்ட ஒலி, வரியின் முடிவில் குரல் தேய்வது, இவை எதையும் அது தொடுவதில்லை. திரும்பி வரும் வடிவம் இல்லாத ஒலியில் திருத்த ஒன்றும் இல்லை. எனவே கேட்பவருக்கு ஒரே குரலுக்குள் இருவர் கேட்கிறார்கள்: பிசகாத சுருதியில் நிற்கும் இயந்திரமும், அதற்குள் மூச்சு வாங்கும் மனிதனும். இன்னொன்றும் உண்டு. துயரத்தில் பேசுபவரின் குரல் ஏற்ற இறக்கம் குறைந்து ஒரே மட்டத்தில் ஓடும் என்பது குரலையும் உணர்ச்சியையும் ஆராய்பவர்கள் நன்கறிந்தது. சறுக்கல்களை அழித்த ஆட்டோட்யூன் குரலும் அதே தட்டை நிலைக்குப் போகிறது. இழவு வீட்டில் அழுது ஓய்ந்தவர் பேசும் குரலின் சாயல் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அடியில் ஓடும் தாளம் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808. 1980-இல் ஜப்பானில் வந்த இந்த ட்ரம் மெஷின், உண்மையான மேளத்தைப்போல் ஒலிக்கவில்லை என்று பலரால் ஒதுக்கப்பட்டது. சுமார் 12,000 மட்டுமே செய்து 1983-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் சிறப்பான இரைச்சலுக்குக் காரணம், தரம் குறைந்தவை என்று கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள் என்று ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி பின்னாளில் சொன்னார். அதன் பேஸ் ட்ரம் எந்த மேளத்தின் பதிவும் அல்ல. ஒரு மின்சுற்றைத் தட்டிவிட்டால் அது மணிபோல் அதிர்ந்து அடங்கும்; அதிர்வெண் விநாடிக்கு 50-ஐ ஒட்டியது. அந்த அலையின் நீளம் காற்றில் ஏறக்குறைய 7 மீட்டர். நம் காது அவ்வளவு கீழே மந்தமானது. நல்ல ஸ்பீக்கரில் அதை மார்புதான் முதலில் உணர்கிறது. காதல் தோல்விக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் ஏது?

இந்த மெஷினுக்கும் காதலுக்கும் உறவு தொடங்கியது கன்யேவால் அல்ல. 1981-இல் வரிக் கடன் நெருக்க, மார்வின் கே பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடற்கரை ஊரில் ஒதுங்கியிருந்தார். மறு ஆண்டு அங்கிருந்து வந்த 'செக்ஷுவல் ஹீலிங்' பாட்டின் தாளம் 808-இன் தாளம். வாத்தியக் குழு இல்லாமல், தனியாக உட்கார்ந்து தாளத்தைத் தட்டி அமைக்க அந்தப் பெட்டி அவருக்கு வழிசெய்தது.

பல ஆண்டுகளுக்குப் பின், ஹாலிவுட்டில் ஒருகாலத்தில் மார்வின் கேயின் சொந்தமாக இருந்த ஸ்டுடியோவில், கனடாவின் டிரேக் ஒரு பாட்டைப் பதிவுசெய்தார். 2011-இல் வந்த அதன் பெயர் 'மார்வின்ஸ் ரூம்'. கன்யேவின் ஆல்பத்தைத் தனக்கு வழிகாட்டியாகக் கொண்ட தலைமுறை அவருடையது. முன்னாள் காதலிக்கு நள்ளிரவில் குடித்துவிட்டுத் தொலைபேசும் ஒருவனின் பாட்டு அது. தயாரித்தவர் டொராண்டோவின் நோவா ஷெபிப். '40' என்ற பெயரில் அறியப்படுபவர். பின்னணி இசையின் மேல் அதிர்வுகளை வடிகட்டி எடுத்துவிடுவது அவருடைய கைமுறை. நீருக்கடியிலிருந்தோ பக்கத்து அறையிலிருந்தோ இசை வருவதுபோல் இருக்கும். சுவரும் அதைத்தான் செய்கிறது: மேல் அதிர்வுகளைத் தடுத்து, கீழ் அதிர்வுகளைக் கடத்திவிடும். 'ச', 'ட' போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. இசை அதைக் காலிசெய்துவிட்டதால், பாடுபவரின் உதட்டசைவுகூட அந்தக் காலி இடத்தில் தெளிவாகக் கேட்கும். குரலை உயர்த்தாமலே முன்னுக்குக் கொண்டுவரும் தந்திரம் இது. பிராங்க்ஸ் விருந்தில் ராப்பர்கள் கத்தித் தீர்த்த சிக்கலை, ஷெபிப் இசையை ஒதுங்கச் சொல்லித் தீர்த்தார்.

பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் தொலைபேசி வழியே வருகிறது. பழைய தொலைபேசி இணைப்பு விநாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வுகள்வரை மட்டுமே கடத்தும். நெஞ்சின் கனமும் இல்லை, மூச்சின் நுனியும் இல்லை. அவள் குரல் மெலிந்து தூரத்தில் நிற்கிறது. அடுத்துத் தொடங்கும் அவன் குரலில் இரண்டும் முழுதாக இருக்கின்றன. அவன் இவ்வளவு அருகில், அவள் அவ்வளவு தொலைவில் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் அதிர்வெண்களே சொல்லிவிடுகின்றன.