மலிவு நேரத்தில் எல்லோரும் சுவிட்சைப் போட்டால்?

இரவு மின்சாரத்துக்கு விலையைக் குறைத்தால் உச்ச நேர நெருக்கடி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. விலை இறங்கிய நிமிடமே தெருவிலுள்ள மின்சார கார்கள் எல்லாம் சார்ஜ் ஏறத் தொடங்கினால், மாலை நெருக்கடி நள்ளிரவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பிரிட்டன் இதற்கு முன்யோசனையோடு விதி வகுத்தது. 2022 ஜூன் 30 முதல் அங்கே வீடுகளுக்கு விற்கப்படும் சார்ஜர்கள், வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் ஓய்ந்திருக்கும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. மற்ற நேரத்திலும் ஒவ்வொன்றும் குலுக்கல் போல 10 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியில்தான் இயங்கத் தொடங்கும். உரிமையாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படி என் லாபம் அடுத்தவர் செய்வதைப் பொறுத்தது என்றால், அது ஆட்டக் கோட்பாட்டின் களம். மற்றவர்கள் முடிவு மாறாதவரை, தன் முடிவை மட்டும் மாற்றி யாரும் கூடுதல் பலன் பெற முடியாத நிலையை 1950-ல் ஜான் நாஷ் விளக்கினார். அந்த 'நாஷ் சமநிலை' ஊருக்கும் நல்லதாக அமையுமா என்பது ஆட்டத்தின் விதியைப் பொறுத்தது.

அப்படியொரு விதியை 2010-ல் மொசேனியன்-ராட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஒரு பகுதியின் மொத்த மின்செலவை, அவரவர் பயன்படுத்திய யூனிட்டுக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். ஸ்மார்ட் மீட்டர்கள் மணிவாரி மொத்தப் பயன்பாட்டை மட்டும் பகிர்ந்து, வாஷிங் மெஷினையும் காரையும் தேவை குறைந்த நேரத்துக்குத் தள்ளும். மொத்தச் செலவு குறைந்தால் தன் பில்லும் குறையும் என்பதால், சுயநலமும் பொதுநலமும் ஒரே புள்ளியில் சேர்கின்றன.

ஆனால் நேரத்தை மாற்றியவருக்கும் மாற்றாதவருக்கும் ஒரு யூனிட்டுக்கு ஒரே விலை. இது நியாயமா என்று பின்வந்த ஆய்வுகள் கேட்டன. மணிக்கு மணி விலை வைத்தால் அந்தக் குறை நீங்கும். ஆனால் நேரத்தை மாற்றவே முடியாதவர்கள் சிக்கிக்கொள்வார்கள்.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2023-ல் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குச் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20% குறைவாகவும், உச்ச நேரத்தில் குறைந்தது 10% கூடுதலாகவும் இருக்க வேண்டும். பகலெல்லாம் வெளியே உழைத்துவிட்டு மாலையில் அடுப்பங்கரைக்குத் திரும்பும் குடும்பம் எதைத் தள்ளிவைக்கும்? கட்டணம் நிர்ணயிப்பவர்கள் அந்த வீட்டுக்கு அடிப்படை யூனிட்டுகளை உச்ச நேரத்திலும் பழைய விலையிலேயே தரவேண்டும். தள்ளிவைக்க வசதி உள்ளவர்களிடம்தான் இந்த ஆட்டத்தை ஆட வேண்டும்.