முடி மாற்று அறுவை சிகிச்சை: 'போர்டு சான்றிதழ்' எதற்கு உத்தரவாதம்?

பெங்களூரு: முடி மாற்று சிகிச்சை மையங்களின் விளம்பரங்களில் 'அமெரிக்க போர்டு சான்றிதழ் பெற்றவர்' என்ற வாசகம் இடம்பெறுவதுண்டு. இச்சான்றிதழ் உண்மையானதே. ஆனால், இந்தியாவில் அறுவை சிகிச்சை செய்வதற்கான உரிமம் அது அல்ல.

அமெரிக்க முடி மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை வாரியம் 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. எழுத்து மற்றும் வாய்மொழித் தேர்வுகளில் தேர்ச்சி பெறும் மருத்துவர்களுக்கு இவ்வாரியம் சான்றிதழ் வழங்குகிறது. எனினும், அமெரிக்காவின் சிறப்பு மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பில் உள்ள 24 உறுப்பு வாரியங்களில் இது இடம்பெறவில்லை.

இந்தியாவில் முடி மாற்று சிகிச்சைக்கெனத் தனி முதுநிலைப் பட்டம் இல்லை. இதனால் எழுந்த குழப்பத்திற்கு 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது தோல் மருத்துவத்தில் முதுநிலைத் தகுதியுடைய மருத்துவர்களே இதனை மேற்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பயிலரங்குகளில் பார்வையிடுவதோ, யூடியூப் காணொளிகளைக் காண்பதோ போதுமான பயிற்சி ஆகாது என்றும் ஆணையம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், வாய் மற்றும் முகச்சீரமைப்பு அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்ற பல் மருத்துவர்களும் இச்சிகிச்சையைச் செய்யலாம் என இந்திய பல் மருத்துவக் கவுன்சில் அறிவித்ததால், விவாதம் இன்னும் ஓயவில்லை.

'அழகு சிகிச்சைதானே' என்ற அலட்சியம் ஆபத்தானது. 2016-ஆம் ஆண்டு சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் உயிரிழந்தார். மருத்துவம் பயின்றவருக்கே இந்நிலை ஏற்பட்டது கவனிக்கத்தக்கது. இச்சிகிச்சை பல மணி நேரம் நீடிப்பதால், உச்சந்தலையில் மரத்துப்போகும் ஊசி மீண்டும் மீண்டும் செலுத்தப்படுகிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகைன் மருந்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே வழக்கமான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 420 மில்லிகிராம். 2 சதவீதக் கரைசலில் வெறும் 21 மில்லிலிட்டர். அளவு மீறினால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் ஏற்படலாம். அதனை உடனடியாகக் கையாளத் தெரிந்தவர் அருகில் இருப்பது அவசியம்.

பெங்களூருவில் சிகிச்சை பெற விரும்புவோர், மருத்துவரின் பதிவையும் பதிவு செய்யப்பட்ட பட்டங்களையும் கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். சிகிச்சை மையம், 2007-ஆம் ஆண்டின் கர்நாடக தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். முடி வேர்களை எடுப்பது மருத்துவரா, உதவியாளரா என்பதையும் முன்பணம் செலுத்தும் முன்பே கேட்டறிவது நல்லது.