ஓசூர் என்றால் எத்தனை பைட்?

இந்தக் குறிப்பை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம், இதில் தப்பு செய்தவன் நான்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட்டுக்கு, நட்புக்காக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வாரக் கடைசியில் ஓ.டி. பணத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். கவர் மேல் ஒட்ட ஒரு சீட்டு அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் எழுதியது பைத்தானில். பிரிண்டரோடு வந்த லைப்ரரி சி மொழியில் இருந்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் பெயர் வந்தது. பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் அக்காக்கள், "எங்க பேரு எங்களுக்கே படிக்கத் தெரியல, தமிழ்ல போட்டா என்ன தம்பி?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாற்றினேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு கவர்கள் ஆள் மாறிப் போயின. இரண்டு சீட்டிலும் ஒரே பெயர். உண்மைப் பெயர்களைச் சொல்லவில்லை. அதே மாதிரி உடையக்கூடிய இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம்: கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணவேணி. இரண்டுமே "கிருஷ்ண" என்று அச்சாகியிருந்தன. டோக்கன் நம்பர் கீழே பொடி எழுத்தில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பணம் உரியவரிடம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கணக்கு உதைத்திருக்கும். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி.

அந்த வரி ஏன் தப்பு என்று புரிய, சி மொழி சரத்தை (ஸ்ட்ரிங் என்பதைச் சரம் என்றே சொல்கிறேன்) எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கணும்.

எங்கே முடிகிறது?

லாரியில் பெட்டிகள் ஏறி வருகின்றன. எத்தனை பெட்டி என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. டெலிவரி சலானில் "15 பெட்டி" என்று எழுதி அனுப்பலாம். அல்லது கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியை வைத்து, "காலிப் பெட்டி வரும்வரை இறக்கு" என்று சொல்லலாம். பைத்தான் முதல் வகை: நீளத்தைத் தனியாகக் குறித்து வைத்திருக்கும். சி இரண்டாம் வகை. அதன் காலிப் பெட்டி, பூஜ்ஜியம் மதிப்புள்ள ஒரு பைட்.

சி-யின் மூதாதையான பிசிபிஎல் மொழியில் நீளம் சரத்தின் முன்னால்தான் இருந்தது. அதிலிருந்து வந்த பி மொழியில் அதை எடுத்துவிட்டு முடிவுக்குறி வைத்தார்கள். சி அதையே பின்பற்றியது. எண்ணிக்கையை ஒரு சின்ன இடத்துக்குள் அடைத்தால் சரத்தின் நீளத்துக்கு வரம்பு வந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதி என்று அனுபவத்தில் தோன்றியது இன்னொரு காரணம். சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே 1993-ல் இதை எழுதியிருக்கிறார்.

ஒரு எழுத்துக்கு எத்தனை பைட்?

"ஓசூர்" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: ஓ, சூ, ர். யூனிகோடில் ஐந்து குறிகள்: ஓ, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15. சி கேட்கும் கடைசி பூஜ்ஜியத்தையும் சேர்த்தால் 16. பழைய திஸ்கி எழுத்துமுறையில் இதே பெயர் 3 பைட்டில் அடங்கிவிடும். கன்னடம், தெலுங்கு, இந்திக்கும் யுடிஎஃப்-8-ல் இதே 3 பைட் கணக்குதான். எங்கள் ஊரில் இந்த நான்கும் ஒரே கேன்டீனில் கேட்கும் என்பதால் சொல்கிறேன்.

யுடிஎஃப்-8 பற்றி ஒரு நல்ல செய்தி. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் இதை வடிவமைத்தபோது, எந்த எழுத்தின் நடுவிலும் பூஜ்ஜிய பைட் வராதபடி அமைத்தார்கள். "ஓ" என்பது 224, 174, 147 என்ற மூன்று பைட். பூஜ்ஜியமே இல்லை. அதனால்தான் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத பழைய சி லைப்ரரி வழியாகவும் நம் பெயர் சேதமில்லாமல் போய்ச் சேர முடிகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

பைத்தானில் சிடைப்ஸ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. 2006-ல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சி லைப்ரரியை நேரடியாகக் கூப்பிட உதவும். லினக்ஸில் அதை வைத்து, சரத்தின் நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் என்ற சி ஃபங்ஷனுக்கு "ஓசூர்" என்பதை அப்படியே கொடுத்துப் பாருங்கள். 15 வராது, 5 வராது, 3-ம் வராது. 2 என்று வரும்!

ஏன்? எந்த வகை என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் பைத்தான் சரத்தை அகல எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. லினக்ஸில் ஒரு அகல எழுத்துக்கு 4 பைட். "ஓ" அங்கே 147, 11, 0, 0 என்று நிற்கும். ஸ்டர்லென் இரண்டு பைட்டைத் தாண்டியதும் பூஜ்ஜியத்தைப் பார்க்கிறது, "முடிஞ்சது" என்று திரும்பிவிடுகிறது. விண்டோஸில் அகல எழுத்துக்கு 2 பைட்தான். தமிழ்க் குறி எதிலும் அந்த இரண்டில் ஒன்றுகூடப் பூஜ்ஜியம் இல்லை. அதனால் அங்கே 10 என்று வரும். "ஓசூர் சிப்காட்" என்று கொடுத்தால் 11 வரும், ஏனென்றால் இடைவெளியின் இரண்டாவது பைட் பூஜ்ஜியம். ஆங்கிலத்தில் கொடுத்தால் இரண்டு இடத்திலும் 1.

ஒரே கேள்வி, நான்கு பதில், நான்கும் தப்பு. எங்கேயும் ஒரு பிழைச் செய்தி கிடையாது. கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மருந்து சின்னது. ஆர்க்டைப்ஸ் என்ற இடத்தில், "இந்த ஃபங்ஷன் வாங்குவது சி வகைச் சரம்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அதன் பிறகு பைத்தான் சரத்தை அப்படியே கொடுத்தால் சிடைப்ஸ் உடனே கத்தும். யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிக் கொடுத்தால் 15 என்று சரியாக வரும்.

இடம் யாருடையது?

இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. நாம் சி-க்குக் கொடுப்பது சரத்தை அல்ல, சரம் இருக்கும் முகவரியை. அந்த முகவரியில் சி எதையாவது எழுதப் போகிறது என்றால், பைத்தானின் பைட் சரத்தைக் கொடுக்கக் கூடாது. அது மாறாதது என்று நம்பித்தான் பைத்தான் நடக்கிறது. எழுதுவதற்கென்று தனி பஃபர் உருவாக்கித் தரணும். முகவரியை லைப்ரரி ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு படிக்கும் என்றால், அதுவரை அந்தச் சரத்தை நம் கையில் பிடித்து வைத்திருக்கணும். இல்லையென்றால் பைத்தான் அந்த இடத்தைக் காலி செய்து வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும்.

சி ஒரு சரத்தைத் திருப்பித் தந்தால் ரெஸ்டைப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வருவது முழு எண் என்று சிடைப்ஸ் நினைத்துக்கொள்ளும். 64-பிட் கணினியில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

என் தப்புக்கு வருவோம்

அந்தப் பிரிண்டர் லைப்ரரியில் பெயருக்கான கட்டம் 24 பைட். முடிவுக்குறி போக 23. ஆங்கிலத்தில் கிருஷ்ணமூர்த்தி என்று எழுத 14 பைட் போதும். தமிழில் எட்டே எழுத்துதான், ஆனால் 15 குறிகள், 45 பைட். கிருஷ்ணவேணி 33 பைட்.

தமிழ்ப் பெயரைக் கட்டத்தில் போட்டதும், பைட்டுகள் நீளமாக இருக்கின்றன என்று சிடைப்ஸ் சொல்லியது. சரியாகத்தான் சொல்லியது. நான் என்ன செய்தேன்? முதல் 23 பைட்டை மட்டும் வெட்டி எடுத்தேன். 23-ஐ 3-ஆல் வகுத்தால் ஏழு குறி, மிச்சம் 2 பைட். அந்த மிச்சம் சீட்டில் ஒரு கட்டமாக அசிங்கமாக அச்சானது. அதையும் விடவில்லை. உடைந்த பைட்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடும்படி ஒரு வசதியைச் சேர்த்தேன். சீட்டு சுத்தமாக வந்தது. க, இகரக் குறி, ர, உகரக் குறி, ஷ, புள்ளி, ண. மொத்தம் ஏழு குறி. "கிருஷ்ண".

திரும்பிப் பார்த்தால், இரண்டு முறை எச்சரிக்கை வந்திருக்கிறது. ஒன்று பிழைச் செய்தியாக, இன்னொன்று அந்த அசிங்கமான கட்டமாக. இரண்டையும் வாயை மூட வைத்தேன். மூன்றாவது எச்சரிக்கை ஒருவருடைய ஓ.டி. பணமாக வந்தது.

சரி செய்தது எப்படி? 24 பைட் கட்டத்தை நான் பெரிதாக்க முடியாது, அது லைப்ரரியின் அளவு. நான் பெரிதாக எழுதி வைத்தாலும் சி பக்கத்தில் இடம் வளராது, அடுத்த கட்டத்தின் மேல் ஏறி எழுதும். நல்லவேளையாக, ஒரு வரியை முகவரி மூலம் வாங்கி அச்சடிக்கும் வேறொரு ஃபங்ஷன் அதே லைப்ரரியில் இருந்தது. பெயரை அதற்கு மாற்றினேன். வெட்டும் வரியை எடுத்தேன். டோக்கன் நம்பரைப் பெயரைவிடப் பெரிதாக்கினேன்.

அன்றிலிருந்து சி லைப்ரரிக்குச் சரம் அனுப்பும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எங்கே முடிகிறது என்று எதிர்ப்பக்கத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு குறிக்கு எத்தனை பைட் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நினைக்கிறதா? அந்த இடம் யாருடையது, எதுவரை? பதிலை ஆர்க்டைப்ஸிலும் ரெஸ்டைப்பிலும் எழுதி வைத்த பிறகுதான் ஃபங்ஷனைக் கூப்பிடுவது.

அப்புறம், எந்தப் புரோகிராமையும் என் பெயரை வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டேன். என் பெயர் சின்னது, எந்தக் கட்டத்திலும் அடங்கிவிடும். சம்பளப் பட்டியலிலேயே நீளமான பெயர் யாருடையதோ, அதை வைத்துத்தான் இப்போது முதல் சோதனை.