பிளஸ் ஒன்னில் மொழியை மாற்றும் முன்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு காஞ்சிபுரத்தில் பெற்றோர் பலர் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். பத்து ஆண்டு தமிழ் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன் சேர்க்கையின்போது பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாற்றிவிடுகிறார்கள். மார்க் அள்ளலாம் என்பது ஒரு காரணம். வெளிநாட்டுக் கல்லூரியில் பிரெஞ்சு இருந்தால்தான் மதிப்பு என்பது இன்னொன்று. பள்ளிகளே இதைச் சொல்லி மாற்றச் சொல்கின்றன. இரண்டு காரணமும் நிற்காதவை.

முதலில் மார்க். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அதன் இணைப்புக் கல்லூரிகளுக்குமான பொறியியல் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப்பாடத்துக்கு இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பொதுத் தரவரிசையும் மொழிகளை விட்டுவிட்டு நான்கு பாடங்களுக்கு 400 என்றுதான் போடப்படுகிறது. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆக, பிரெஞ்சில் வாங்கும் 98 பள்ளி வாசலில் கட்டும் பேனருக்கு உதவும். பிள்ளைக்குச் சீட்டு வாங்கித் தராது.

அடுத்து வெளிநாடு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்றால் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியை அந்த நான்கு ஆண்டும் படித்திருப்பதை ஹார்வர்டு விரும்புகிறது. ஸ்டான்ஃபோர்டு மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் என்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று இருந்தால் நல்லது. அவர்கள் பார்ப்பது ஒரே மொழியில் எத்தனை ஆண்டு நிலைத்து நின்றார்கள் என்பதைத்தான். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் அல்லாத மொழி தமிழ். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் படித்தால் நான்கு ஆண்டுக் கணக்கு தானாகவே நேராகிவிடும். பிளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்குத் தாவினால் தமிழ் இரண்டு, பிரெஞ்சு இரண்டு என்று கணக்கு உடைகிறது. மதிப்புக் கூடும் என்று நம்பி, கையில் இருந்த மதிப்பைத்தான் குறைத்துக்கொள்கிறோம். மொழியை மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் மொழிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. எது முதல் மொழி, எதைப் பேசுவீர்கள், எதைப் படிப்பீர்கள், எழுதுவீர்கள், வீட்டில் எது என்று கேட்பார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் உண்டு. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். மூன்று மொழி கையில் இருக்க, வெட்கப்பட்டு ஆங்கிலம் என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். மாற்றுச் சான்றிதழின் கடைசிப் பகுதியில் ஒரு கட்டம் இருக்கும். பள்ளியின் பெயர், கல்வி ஆண்டு, படித்த வகுப்பு, முதல் மொழி, பயிற்று மொழி என்று ஐந்து பத்திகள். பெரும்பாலோர் பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டு டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டம் காலியாகவோ தவறாகவோ இருந்தால் அங்கேயே நின்று சரிசெய்து வாங்க வேண்டும். பிறகு அலைய வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையும் அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும். நம் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆண்டு முடிந்ததுமே தலைமை ஆசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரையுடன் பாடவாரியான பட்டியலை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தின்போது 9 முதல் 12 வரையிலான மதிப்பெண்களைப் பள்ளிதான் நேராக அனுப்ப வேண்டும், பெற்றோர் அனுப்புவது செல்லாது. இதற்கென்று தனி ஆள் இல்லாத பள்ளியில் தலைமை ஆசிரியரே அனுப்பலாம். பிளஸ் டூ தொடங்கும்போதே அவரிடம் பேசிவிடுங்கள். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது பள்ளியிலேயே திருத்தம் முடிந்துவிடும். சான்றிதழ் அச்சான பிறகு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் சிலர்தான். உள்ளூரில் அரசு வேலைக்குப் படிப்பவர்களே அதிகம், அவர்களுக்கும் இதே ஆண்டுக் கணக்கு உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் சட்டமானது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, ஆறிலிருந்து ஆங்கில வழி என்றால் கிடைக்காது. பத்தாம் வகுப்பு வரை, மேல்நிலை, பட்டம் என ஒவ்வொரு படிக்கும் டி.என்.பி.எஸ்.சி. கொடுத்துள்ள படிவத்தில் தனித்தனிச் சான்று வேண்டும். தலைமை ஆசிரியரிடம் வாங்க முடியாத நிலையில் மாவட்டக் கல்வி அலுவலரோ முதன்மைக் கல்வி அலுவலரோ தரும் சான்றும் செல்லும். படித்து முடித்த அன்றே வாங்காமல், தேர்வு எழுதித் தேறிய பிறகு ஓடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2021 அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும். குரூப் 4-இல் தமிழ்ப் பகுதியின் 150-க்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பிளஸ் ஒன்னில் தமிழை விட்டவர்களுக்கு ஐந்தாறு ஆண்டு கழித்து இந்த இடம்தான் இடறுகிறது.

பிரெஞ்சோ ஜெர்மனோ உண்மையிலேயே வேண்டுமென்றால் தாராளமாகப் படிக்கட்டும், தமிழை விடாமல் வெளியே படிக்கட்டும். பிரெஞ்சு வழிப் படிப்புக்குப் பிரான்ஸில் பெரும்பாலும் கேட்பது டெல்ஃப் பி2 சான்று. பிளஸ் டூ பிரெஞ்சு மதிப்பெண் அதற்கு ஈடாகாது. சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மனுக்கு கதே இன்ஸ்டிட்யூட்டும் இருக்கின்றன. மாவட்டத்துக்குள்ளேயே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், வல்லம் வடகாலில் யமஹா. கொரியனும் ஜப்பானியமும் கற்ற பிள்ளைக்கு வீட்டருகிலேயே வாய்ப்பு உண்டு.

தமிழ் எடுக்கக் கூடாது, இந்தப் பிரிவில் பிரெஞ்சு மட்டும்தான் என்று பள்ளி சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனுக் கொடுங்கள், நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். அசையவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்மொழியாகப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். "பார்க்கிறோம்" என்ற பதிலோடு அது அங்கேயே நின்றுவிடும், அதற்குள் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்துவிடும். சேர்க்கை விண்ணப்பத்தில் மொழி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.