களிமண்ணுக்குக் கணக்குப் போட்டவர்

மலேசியாவின் ஜொகூரில், எங்கள் மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் விருது விழாவுக்குப் பஞ்சமே இல்லை. மாலை, பொன்னாடை, கேடயம், கடைசியில் சோறு. பாடகரை மேடையேற்றினால் அவர் பாடியதெல்லாம் பட்டியலாக வரும். கோயில் தலைவரை ஏற்றினால் கோபுரத்துக்கு எவ்வளவு செலவானது என்பதுவரை சொல்வார்கள். சிவில் பொறியாளர் ஏறினால் மட்டும் ‘துறையில் நீண்டகாலச் சிறப்பான சேவை’ என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும். எந்தப் பாலம், எந்த மண், அங்கே என்ன சிக்கல், அதை எப்படிச் சமாளித்தார் என்று யாரும் வாய் திறப்பதில்லை. அவரும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

எனக்கு இதில் ஏன் அக்கறை என்றால், நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பொறியாளர் இல்லை. குழாயில் வரும் மண்ணை எடுத்துச் சீவி, கருவியில் ஏற்றி, அளவு குறித்துக் கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு வந்த ஒரு பொண்ணு ஒருநாள் கேட்டாள்: “அக்கா, கணினியில போடறோமே இந்த ‘கேம் கிளே’, இது எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது?”

“மூணு பேரு கட்டுரையைப் பாரு. அதுல ஒருத்தர் நம்ம ஆளு, யாழ்ப்பாணம்,” என்றேன். அவள் நம்பவில்லை.

அந்த நம்ம ஆள் பேராசிரியர் அழகையா துரைராஜா. 1934இல் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லி கல்லூரியில் படித்து, 1957இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய், கென்னத் ராஸ்கோவின் மண்ணியல் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

அவர் அங்கே செய்த சோதனையைத்தான் எங்கள் கூடத்திலும் செய்வோம். ட்ரையாக்ஸியல் என்போம். தளத்தில் துளை போட்டு, மெல்லிய எஃகுக் குழாயை அழுத்தி எடுத்த மண், இரு முனையிலும் மெழுகு பூசி வந்து சேரும். உள்நாட்டுப் பக்கம் செம்மண். ஜொகூர் நீரிணையை ஒட்டிய அலையாத்திக் காட்டோரம் என்றால் சாம்பல் நிறக் கடற்களிமண். சிப்பித் துணுக்கு தட்டுப்படும், சேற்று வாடை கையை விட்டுப் போகாது. அதை மெல்லிய கம்பியால் சீவி 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலும் கீழும் நீர் கசியும் கல்வட்டு, சுற்றிலும் வடிதாள், அதன்மேல் ரப்பர் உறை, இரு முனையிலும் ரப்பர் வளையம். உறையை மாட்டும்போது விரல் சற்று அழுந்தினாலும் மண் குலைந்துவிடும். வேறு துண்டு சீவ வேண்டியதுதான்.

பிறகு அதை ஒளி ஊடுருவும் உருளைக்குள் நிறுத்தி, சுற்றிலும் நீர் நிரப்பி நாலாபக்கமும் அழுத்துவோம். மண்ணுக்குள் இருக்கும் நீர் வடிந்து அடங்கியதும், மேலிருந்து தண்டை மெல்ல மெல்ல இறக்குவோம். களிமண்ணிடம் அவசரம் செல்லாது, ஒரு சோதனை நாள்கணக்கில் ஓடும். வேகத்தைக் கூட்டினால் உள்நீர் ஒரே சீராகப் பரவ நேரமிருக்காது; வரும் எண்ணை நம்ப முடியாது. கடைசியில் துண்டு நடுவில் பருத்துவிடும், இல்லையென்றால் சாய்வாக அறுந்து வழுக்கும்.

துரைராஜா எடுத்துக்கொண்டது கயோலின் என்ற வெள்ளைக் களிமண். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: மண்ணை அழுத்தி நெளியவைக்க நாம் கொடுக்கும் ஆற்றல் எங்கே போகிறது? ஒரு பங்கு, மண்ணின் கன அளவு மாறுவதில் போகிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி, அழுத்தத்தை எடுத்தால் திரும்பக் கிடைக்கிறது. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது, துகளோடு துகள் உரசுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. நீரை வடியவிட்டுச் சோதித்தாலும் வடியவிடாமல் சோதித்தாலும், அந்த மிச்சம் உராய்வுக்கான ஒரே மாறிலியில் அடங்கிவிடுகிறது என்று தன் அளவுகளிலிருந்து காட்டினார்.

1963இல் ராஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரின் பெயரில் ‘ஜியோடெக்னிக்’ ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதுவரை மண் எவ்வளவு தாங்கும் என்பது தனிக் கணக்கு, எவ்வளவு அமிழும் என்பது தனிக் கணக்கு. இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த ‘கேம் கிளே’ கோட்பாடு அந்தக் குழுவின் வேலையில் எழுந்தது. கேம் என்பது கேம்பிரிட்ஜ் ஊரின் ஆறு. பெயர் ஆற்றுக்குப் போய்விட்டது! 1968இல் ராஸ்கோவும் பர்லண்டும் திருத்தி அமைத்த வடிவம் இன்றும் மென்பொருள்களில் இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ சீமைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஜொகூரிலேயே, மூவார் சமவெளியில், 1980களின் இறுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் கடற்களிமண்மேல் சோதனைக் கரைகளைக் கட்டிப் பார்த்தது. நெடுஞ்சாலை போட வேண்டும்; அடியில் பதினெட்டு மீட்டர் அளவுக்கு மெத்தென்ற களிமண். அதில் ஒரு கரையை வேண்டுமென்றே இடிந்து விழும்வரை உயர்த்தினார்கள். எத்தனை மீட்டரில் விழும் என்று உலகறிந்த வல்லுநர்களிடம் முன்கூட்டியே கணித்துத் தரச் சொன்னார்கள். 5.4 மீட்டர் மண் கொட்டியதும் கரை சரிந்தது. கணிப்புகளை ஒப்பிட 1989இல் கோலாலம்பூரில் கருத்தரங்கே நடந்தது. அந்தச் சரிவை அலசி 1992இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் இந்திரரத்ன, பாலசுப்பிரமணியம், பாலச்சந்திரன் என்று மூன்று பெயர்கள். இவர்களில் பாலசுப்பிரமணியம், துரைராஜாவுக்குப் பின் அதே கேம்பிரிட்ஜில் களிமண் ஆராய்ச்சி செய்து, பாங்காக்கின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். அலசலுக்குக் கைகொடுத்தது கேம் கிளே வழிக் கணக்கு.

துரைராஜா நினைத்திருந்தால் வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். இலங்கைக்குத் திரும்பிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், பொறியியல் பீடாதிபதியானார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அங்கே அப்போது பொறியியல் பீடமே கிடையாது. 1990இல் மறுபடி போர் மூண்டது. மின்சாரம் போனது, எரிபொருளுக்குத் தடை. துணைவேந்தர் சைக்கிளில் வந்து போனார் என்று யாழ்ப்பாணத்தார் இப்போதும் சொல்வார்கள். 1994 ஜூனில், 59 வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் தொடங்க இன்னும் இருபது ஆண்டு ஆனது.

இறந்தபின் விடுதலைப் புலிகள் ‘மாமனிதர்’ பட்டம் கொடுத்தார்கள். தமிழர்களில் பலர் அவரை அந்தப் பட்டத்தை வைத்தும் சைக்கிளை வைத்தும்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மண்ணியல் படித்தவர்களோ அவரைக் கட்டுரை ஆசிரியர் வரிசையில் மூன்றாவது பெயராக மட்டும் அறிவார்கள். ஒரு பாதிக்கு மறுபாதி தெரியாது. ‘பெயர் தெரியாமல் வேலை நிலைப்பதே பொறியாளனுக்குப் பெருமை’ என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடிப் படிக்கச் சோம்பல்பட்டவர்கள் சொல்லும் சமாதானம் அது. ஸ்கோஃபீல்டின் முதற்பெயர் ஆண்ட்ரூ என்று சொல்லத் தெரிந்த நம் மாணவர்களுக்குத் துரைராஜாவின் முதலெழுத்து தெரியாமல் இருப்பதில் என்ன பெருமை?

ஆகவே விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பொறியாளருக்குக் கேடயம் கொடுக்கும்போது, பொன்னாடையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். எந்த இடத்தில், எந்த மண்ணில், என்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.