நீள்கழி ஏன் துவளுகிறது?

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உயரப் பணி விதிமுறைகள், தரையில் நின்றே முடிக்கக்கூடிய வேலைக்கு உயரத்தில் ஏறுவதைத் தவிர்க்குமாறு பணித்தது, முனையில் தூரிகையும் அதற்கு நீரூட்டும் குழாயும் கொண்ட நீள்கழிகள் சன்னல் துப்புரவுத் தொழிலில் பரவுவதற்குத் துணைபுரிந்தது. இக்கழியில் எடைக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை. ஏனெனில் ஒரே குறுக்களவுள்ள கழியை ஒரு முனையில் மட்டும் இறுகப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால், நீளம் 2 மடங்காகும்போது, அது தன் எடையால் தாழும் அளவு 16 மடங்காகிறது. நிமிர்த்திப் பிடித்தால் தாழ்வு குறையும் என்றாலும், தூரிகை கண்ணாடியை உந்தும் ஒவ்வொரு முறையும் கழி வில்லாக வளைந்து, கையின் அசைவு முனைக்குத் தாமதமாகவே சென்று சேர்கிறது.

அலுமினியம் கனமானது, கண்ணாடியிழை துவளக்கூடியது. பிசினில் பதித்து நீளவாக்கில் இழைகளை ஓடவிட்ட கார்பனோ குறைந்த எடையில் மிகுந்த விறைப்பைத் தருகிறது. விலை கூடியது என்பதாலேயே அதை எங்கும் ஏற்றதென எண்ணுவது பிழை: கார்பன் மின்சாரத்தைக் கடத்துமாதலால் மின்கம்பிகளுக்கு அருகே அது உயிரைப் பறிக்கலாம், நனைந்த கண்ணாடியிழைக் கழியும் அங்கே நம்பத்தக்கதன்று.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் துண்டுகளின் பூட்டுகளையும் சோதித்தாக வேண்டும், ஏனெனில் அடிப்பூட்டில் உள்ள சிறு தளர்வு உச்சியில் பெரிய ஊசலாட்டமாகிறது. நீரும் ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகக் கேட்பதால், கழிக்கேற்ற பம்பும் தேவைப்படுகிறது.